ஆயில் தொட்டிக்குள் நடந்த சண்டை

அசரீரியின் முகத்தை எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்த்ததில்லை. கால்களை எல்லோருக்கும் தெரியும். ஏதாவது ஒரு காருக்கு அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருக்கும், குரல் மட்டும் வெளியே வரும். மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். எங்கள் தொழிற்சங்கக் கூட்டத்தை அவருடைய ஷெட்டில்தான் போடுவோம். கூட்டம் முடியும்வரை கீழேயே கிடப்பார். ஓட்டெடுப்பு என்றால் கால் கட்டைவிரலைத் தூக்குவார். அதையும் சேர்த்து எண்ணிக்கொள்வோம்.

"மேல வாங்களேன், தோழர்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன்.

"மேல வந்தா ஆளுங்க நியாயம் கேக்குறாங்க. வண்டி கேக்காது."

பழுது பார்ப்பதற்கும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வண்டி வந்ததும் பானெட்டைத் தொட மாட்டார். ஓட்டுகிறவரை நிறுத்தி, "என்ன சத்தம் வருது? வாயால போட்டுக் காட்டு" என்பார். கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் நடுத்தெருவில் "கர்ர்ர்... டப்" என்று கத்தியதை நானே பார்த்தேன். வார்த்தையில் புளுகுகிறவனுக்குச் சத்தத்தில் புளுக வராது என்பது அசரீரியின் கட்சி.

ஒரு நாள் காலை, கிழட்டு டாக்சி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே மூன்று பேர். பகலில் ஓட்டுகிறவர் ஒரு ஜன்னல் ஓரம், சாயங்காலம் ஓட்டுகிறவன் மறு ஜன்னல் ஓரம். நடுவில் ஒரு பெண், கைதிகளைக் கூட்டி வரும் போலீஸ் மாதிரி. பகல்காரர் அவள் புருஷன். சாயங்காலக்காரன் அவள் கூடப் பிறந்த தம்பி. வண்டி அவள் பேரில்.

"அண்ணே, இன்ஜின் போச்சு. இவர் அவனைச் சொல்றாரு, அவன் இவரைச் சொல்றான்" என்று காருக்கு அடியில் கிடந்த கால்களிடம் முறையிட்டாள். "வீட்ல ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிட உக்கார மாட்டேங்குறாங்க. ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் உக்காருறாரு. யாரு கெடுத்தாங்கன்னு சொல்லுங்க. அவங்க வண்டியை விட்டு இறங்கிடட்டும்."

"நான் இன்ஜின் பாக்குறவன்மா. பஞ்சாயத்து பண்றவன் இல்ல."

"புருஷனை இறக்கினா வீடு போச்சு. தம்பியை இறக்கினா பொறந்த வீடு போச்சு. என் வாயால சொல்ல முடியாதுண்ணே. நீங்க சொல்லுங்க."

அடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "சரி. மாப்பிள்ளை முதல்ல சத்தம் போடட்டும்."

பகல்காரர் தொண்டையைச் செருமினார். "டொக்... டொக்... டொக்."

"மாமா சும்மா சொல்றாரு" என்று மச்சினன் குறுக்கே வந்தான். "அது கிட்டுகிட்டுகிட்டுன்னு மேல அடிக்கும்."

"டொக்குடா!"

"கிட்டு, மாமா!"

நடுத்தெருவில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்று டொக்கினார்கள், கிட்டினார்கள். எதிர்க்கடைக்காரர் ஏதோ உடைந்து விழுகிறது என்று ஓடி வந்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அசரீரி தானாக வெளியே வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியைத்தானே ஓட்டுறீங்க?"

ஆயில் குச்சியை உருவினார். விரலில் தேய்த்தார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். "இதுல கியர் ஆயில் வாடை. அதுக்குள்ள டீசல் வாடை. இது பெட்ரோல் வண்டி. டீசல் எப்படி வந்துச்சு?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான். "நான்தான் ஊத்தினேன். சாயங்காலம் வண்டியை வாங்குறப்ப ஆயில் கூழாட்டம் இருக்கும். மேல வரைக்கும் ஏறாம கிட்டுகிட்டுன்னு அடிக்கும். இளக்கிவிடுவேன்."

"அடப்பாவி!" என்றார் பகல்காரர். "நான் காலையில எடுத்தா ஆயில் தண்ணியா இருக்கு, டொக்கு டொக்குன்னு இடிக்குது. நான் கியர் ஆயில் விட்டுக் கெட்டியாக்குவேன்."

"எத்தனை நாளா?"

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சத்தம் தன் கையில் இருக்கும்போது வரக்கூடாது, அவ்வளவுதான் இருவருக்கும் கொள்கை. முதலாளிகளின் கூட்டமைப்பில்கூட நான் இவ்வளவு கட்டுப்பாட்டைப் பார்த்ததில்லை.

செயின் போட்டு இன்ஜினைத் தூக்கித் தொங்கவிட்டார் அசரீரி. அடித்தொட்டியைக் கழற்றினார். கறுப்புச் சகதிக்குள் பேரிங் உதிர்ந்த தூள் ஜிகினாவாக மின்னியது. பேரிங் தகடுகளில் பூச்சு போய்ச் செம்பு பல்லை இளித்தது. கிராங்க் தண்டில் நகத்தை ஓட்டினார். நகம் கீறலுக்குக் கீறல் மாட்டியது.

"சொல்லுங்கண்ணே. யாரு?"

அசரீரி கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "நேருக்கு நேர் பேச வேண்டியதை ரெண்டு பேரும் இதுக்குள்ள பேசியிருக்காங்கம்மா. இவரு கெட்டியா திட்டினாரு, அவன் தண்ணியா பதில் சொன்னான். ஒருத்தர் மட்டும் ஊத்தியிருந்தா இவ்வளவு அரிச்சிருக்காது. ரெண்டு பேருந்தான்."

அவள் தலையாட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"அப்ப ரெண்டு பேரும் இறங்கியாச்சு. இனி நான் ஓட்டுறேன்."

"அக்கா, உள்ள இன்ஜினே இல்ல."

"எனக்குக் கண்ணு தெரியுது. தண்டு லேத்துக்குப் போய்க் கடைஞ்சு வர்றதுக்குள்ள ஸ்டியரிங் பழகிக்கிறேன். தள்ளுங்க."

"இவளுக்கு ஓட்டவே..." என்று ஆரம்பித்தார் புருஷன்.

"ஓட்டத் தெரிஞ்சவங்க கிழிச்சதைத்தான் செயின்ல தொங்கவிட்டிருக்கு. தள்ளுங்க."

தள்ளினார்கள். ஷெட்டின் முற்றத்தில் இன்ஜின் இல்லாத டாக்சி தள்ளாடிச் சுற்றியது. முதல் சுற்றில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளினார்கள், வண்டியும் சுவரை நோக்கியே போனது.

"மாமா, நீங்க சும்மா கை வச்சிருக்கீங்க."

"நீ ஒரு பக்கமாவே அழுத்துறடா. நடுவுல வா."

"வந்தா நீங்க காலை மிதிக்கிறீங்க."

"சரி, நான் எண்ணுறேன். சேர்ந்து தள்ளு."

சேர்ந்து தள்ளினார்கள். வண்டி பாய்ந்தது. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். இரண்டு தலைகளும் டிக்கியில் ஒன்றாக முட்டின.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பிரேக் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு சுத்து."