வள்ளித்தாய் கூட்டிப்போன கூட்டம்

வள்ளித்தாய்க்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. கம்பெனி வேனில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் அவள் பேச்சுதான் ஓடும். அந்த வாயைப் பார்த்துத்தான் கட்சியில் மகளிரணிப் பொறுப்பு கொடுத்தார்கள். கூட்டம் என்றால் வேன் நிறையப் பெண்களைக் கொண்டுவந்து இறக்குவாள். பிரியாணிப் பொட்டலம் எல்லாருக்கும் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தான் ஒன்றை எடுப்பாள்.

கட்சி மேல் அவளுக்குப் பெரிய பக்தி கிடையாது. எல்லாம் நாத்தனார் பொன்மணிக்காகத்தான். முந்தின தீபாவளி சீசனில் மருந்து அடைக்கிற அறை வெடித்தபோது பொன்மணி அடுத்த அறையில் இருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வெந்த விரல்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கரண்டி பிடிக்க முடியாது, சேலை கட்ட முடியாது. புருஷன் போய்ச்சேர்ந்து வருஷமாகிறது. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள்.

தேர்தல் சமயத்தில் கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ. ராஜபாண்டியன் ஓட்டுக் கேட்டு வந்தபோது வள்ளித்தாய் அவரை வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்து பொன்மணி முன்னால் உட்கார வைத்தாள்.

"வெடி விபத்துல கை கால் போனவகளுக்கு மாசாமாசம் ஒரு பென்சன் வேணும் அண்ணாச்சி. டெல்லியில ஒங்க ஆளுகதான இருக்காக. சொல்லுங்க."

ராஜபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பட்ஜெட்டுல வரும் தாயி. வரலன்னா நானே எந்திரிச்சு நின்னு கேப்பேன்" என்றார். அன்றைக்கு வள்ளித்தாய் நம்பினாள்.

பிப்ரவரி முதல் தேதி லீவு போட்டுவிட்டுக் கட்சி ஆபீசுக்குப் போனாள். உள்ளே டிவியில் நிதியமைச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு பேர் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். ராஜபாண்டியனைக் காணோம். வாசலுக்கு வந்தால் அவர் புதுச்சட்டையோடு ஒரு நிருபரின் மைக் முன்னால் நின்றார்.

"இது ஏழைகளின் பட்ஜெட். பட்டாசுத் தொழிலாளர் வீட்டில் விளக்கேற்றிய பட்ஜெட். மனதார வரவேற்கிறேன்."

உள்ளே வாசிப்பு பாதிகூட முடிந்திருக்கவில்லை. நிருபர் போனதும் ராஜபாண்டியன் தன் உதவியாள் அன்பரசன் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, சிவகாசிக்கு எதும் சொன்னாகளா?"

"இன்னும் சொல்லலண்ணாச்சி."

"சரி, சொன்னா பாப்போம்."

வள்ளித்தாய்க்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "அப்ப எதை வரவேத்தீக அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "கல்யாண வீட்டுக்குப் போறவன் பந்தியில சாப்பிட்டுப் பாத்துட்டா தாயி வாழ்த்துவான்? போனதும் வாழ்த்திர வேண்டியதுதான். ஞாயித்துக்கிழமை வரவேற்புக் கூட்டம் போடுறோம். பொம்பளையாளுக நெறைய வேணும். ஒன் நாத்தனாரையும் கூட்டியா."

கெட்டுப்போன பாலை வாயில் வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. துப்ப இடமில்லாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு வந்தாள். சாயந்திரம் அன்பரசனுக்குப் போன் போட்டாள்.

"கடைசி வரைக்கும் கேட்டியா தம்பி?"

"கேட்டேன்க்கா. பென்சனப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஆனா அண்ணாச்சி மேடையில என்னமோ அறிவிக்கப்போறாராம்."

அந்த 'என்னமோ'வை நம்பித்தான் அவள் ஞாயிற்றுக்கிழமை வேனை நிரப்பினாள். பொன்மணி வரமாட்டேன் என்றாள். "ஒன்ன நேர்ல பாத்தா சொன்ன சொல்ல மாத்த அவருக்கு நாக்கு வராது, வா" என்று வள்ளித்தாய்தான் தலை சீவிவிட்டுக் கூட்டிப்போனாள்.

ராஜபாண்டியன் கார் வந்து நின்றதும் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பொன்மணி மணிக்கட்டு இரண்டையும் காதில் வைத்து அழுத்திக்கொண்டு வள்ளித்தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. வெடி போடுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த சரத்தை அவிழ்த்தார்கள்.

மேடையில் ராஜபாண்டியன் அரை மணி நேரம் பேசினார். அறிவிப்பு எதுவும் வரவில்லை. பேச்சின் முடிவில் இருவரையும் மேலே கூப்பிட்டார். பொன்மணியின் வலது கையைப் பிடித்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தினார்.

"இந்தக் கையைப் பாருங்கள். இந்தச் சகோதரியின் கண்ணீரைத் துடைத்த பட்ஜெட் இது. பட்ஜெட்டைக் கேட்டதும் ஆனந்தக் கண்ணீர் விட்டதாக என்னிடம் சொன்னார்."

கூட்டம் கைதட்டியது. பொன்மணி சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கப்படுகிற மாடுபோல நின்றாள். கையை விட்டதும் ராஜபாண்டியன் மேஜைக்குக் கீழே, யாருக்கும் தெரியாதென்று நினைத்து, கைக்குட்டையால் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பக்கத்தில் நின்ற வள்ளித்தாய்க்குத் தெரிந்தது.

"ரெண்டு வார்த்த நன்றி சொல்லு தாயி" என்று மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

வள்ளித்தாய் சத்தம் போடவில்லை. வேனில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"பொன்மணி அழுகல. அவ பட்ஜெட்டே கேக்கல. நான் ஆபீசுல இருந்தேன். அங்கன வாசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி வரவேத்துட்டாக. எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. என்ன இருக்குன்னு அவுகளுக்கே தெரியாது. நம்பி ஒங்களையெல்லாம் கூட்டியாந்தவ நாந்தான்..."

மைக் செத்துவிட்டது. உடனே பாட்டைப் போட்டார்கள். யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இறக்கினார்கள்.

வேன் டிரைவரிடம் அவர்களை ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டதால் இருவரும் நடந்தே வந்தார்கள். தெருப்பெண்களில் பாதிப்பேர் பொட்டலம் வாங்கிக்கொண்டு வேனில் வந்தார்கள். மீதிப்பேர் இவர்களோடு நடந்தார்கள். "நாளப்பின்ன ஒரு ஆத்திர அவசரத்துக்கு யாருட்ட போய் நிப்ப?" என்று அடுத்த வீட்டுப் பத்திரகாளி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். ராஜபாண்டியனுடைய பொய்யைவிட, தலை சீவிவிட்டு அந்தக் கையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது தான்தானே என்பதுதான் வள்ளித்தாயை அறுத்தது.

"கோவமா?" என்று பொன்மணியிடம் கேட்டாள்.

"ஒங்க மேல இல்ல மதினி" என்றாள் பொன்மணி. கொஞ்சதூரம் போனதும், "அந்தாளு உள்ளங்கை ஈரமா இருந்துச்சு. இன்னும் பிசுபிசுங்குது" என்றாள்.

டிவியில் உயர்த்திய கை மட்டும்தான் வந்தது. வள்ளித்தாய் பேசியது வரவில்லை. மகளிரணிப் பொறுப்பை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். சில மாதத்தில் ராஜபாண்டியனுக்கு ஏதோ ஒரு வாரியத்தில் பதவி கிடைத்தது. அதற்கும் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். வள்ளித்தாய் விருதுநகருக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் பொன்மணியை உட்கார வைத்துத் தானே பேசிப்பார்க்கிறாள். பார்க்கிறோம் என்கிறார்கள். மறுபடி போகிறாள்.

அடுத்த பட்ஜெட்டையும் ராஜபாண்டியன் மனதார வரவேற்றாராம். பத்திரகாளி வந்து சொன்னபோது வள்ளித்தாய் கொல்லையில் பொன்மணியின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணிய மோந்து ஊத்து பத்திரகாளி, கண்ணு எரியுதாம்" என்றாள்.