இறங்கும்போது கையில்

ஸ்டோவ்னரில் பனிச்சறுக்குப் பலகைகள் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். மலையிலிருந்து சறுக்கி இறங்கும்போது விழுந்து இறந்த தன் மகளின் பாரமில்லாத காபன் இழைப் பலகைகளை ஆண்டுதோறும் ஒரு நரைத்த மனிதர் கொண்டுவருவார். ஒரு கையால் தூக்கக்கூடியவற்றை இரு கைகளாலும் அணைத்திருப்பார். மலை ஏறும்போது வழுக்காதிருக்க அடியில் ஒட்டும் துணி தேய்ந்திருக்கும். பலகையில் புதுக் கீறல் இராது.

இம்முறை கேட்டார்: “தம்பி, பாரமில்லாமல் ஏறட்டுமெண்டு நான்தான் வாங்கிக் குடுத்தனான். பாரமான பலகையெண்டா இறங்கேக்கை உறைபனியிலை நடுங்கி அவளை விழுத்தியிராது, என்ன?”

அவர் சொன்னது உண்மைதான். “அப்பிடிச் சொல்லேலாது, அண்ணை,” என்றேன்.

“உமக்குப் பொய் சொல்ல வராது.” சிரித்தார்.

“இப்ப இதுகளை ஆர் போடுறது?” என்று கேட்டேன்.

“நான்தான். ஏற மட்டும்.”

“இறங்கேக்கை?”

“தூக்கிக்கொண்டு நடந்து வருவன்.”

புதுத் துணி ஒட்டிக் கொடுத்தேன். வாசல்வரை போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். வேறென்ன செய்திருக்கலாமென்று இன்றும் தெரியவில்லை.