வம்சாவளியில் விட்டுப்போன இரண்டு பேர்

ராஜபாளையத்திலும் அதைச் சுற்றியும் நான் வம்சாவளி எழுதிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில்கூடச் சிப்பாய் இருந்ததில்லை. எல்லாரும் தளபதிகள். விஜயநகரத்திலிருந்து தெற்கே வந்த படையில் குதிரைக்குப் புல் அறுத்தவன் யார், கூடாரத்துக்கு முளை அடித்தவன் யார் என்று நானும் தேடித்தான் பார்த்தேன். அவர்களுக்கெல்லாம் பிள்ளை குட்டியே பிறக்கவில்லை போலிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கோர்ட்டில் பத்திரங்களுக்கு நகல் எழுதுவது என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம் அது. தெருவில் பாதிப்பேர் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் பேச்சு சின்ன வயதிலேயே வந்துவிட்டது, எழுத்தைப் பிறகு படித்துக்கொண்டேன். பழைய ஓலையைத் தடுமாறாமல் வாசிப்பேன். அதனால் கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் யாராவது ஒரு பெரிய வீட்டிலிருந்து வண்டி வரும். ஓலையில் இருக்கும் முப்பாட்டன்மார்களைக் காகிதத்தில் இறக்கி வைக்க வேண்டும். எனக்கு வாய் நீளம், கையெழுத்து அழகு. இரண்டும் சேர்ந்தால் தலைக்கனம் வராமல் இருக்குமா?

அப்படி ஒரு விடுமுறையில் ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் வண்டி அனுப்பினார். அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரை ராஜா என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். மனைவி தவறி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். தாய் இல்லாத வீட்டைக் கட்டிக் காத்ததில் அவளுக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகவும் அதிகம். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் வன்னியம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பழைய பாளையக்காரர் வீட்டில் மாப்பிள்ளை அமைந்து, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. இது நடக்காமல் போனால் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு இடம் அமைவது கஷ்டம். இது எனக்கும் தெரியும்.

"சபையில வாசிக்கணும் பிள்ளைவாள். அவிய பாளையக்கார வீடு. நாமளும் லேசுப்பட்டவங்க இல்லன்னு தெரியணும்லா" என்றார் ராஜா.

"ஓலை இருக்கா?"

"சாமி பொட்டியில இருக்கு. மூணு தலைமுறைக்கு மேல கேட்டா எனக்குத் தெரியாது. அங்கிட்டு எல்லாம் ரெண்டே பேருதான், மாறி மாறி வரும்."

அவர் சொன்னது சரி. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு ஒரு பெயர், பேரனுக்கு மறுபடி முதல் பெயர். இப்படியே மேலே ஏறிப் போனால் ஊருக்கு முதலில் வந்து வீடு கட்டியவரில் போய் முடியும். அவருக்கும் மேலே இருக்கும் தளபதிகள் எல்லாம் வம்சப் பாட்டில் வருவார்கள். பாட்டுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

மகள்தான் ஓலைகளைத் துடைத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். பூச்சி அரித்த ஓர் இடத்தில் நான் தயங்கியபோது அவளே வாசித்துச் சொன்னாள். தெலுங்கு எழுத்து அவளுக்குத் தெரிந்திருந்தது, கடைச் சிட்டைகளை அவள்தான் எழுதுகிறாள் என்று ராஜா பெருமையாகச் சொன்னார். நான் என் நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். பிறகு ஊருக்கு வந்து, நல்ல காகிதமாக வாங்கி, சிவப்பு மையில் ஓரம் கட்டி, சுத்தப் பிரதி எடுத்தேன்.

சுத்தப் பிரதியை எடுத்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஊருக்கு முதலில் வந்தவருடைய இளைய மகனை மலையடிவாரத்துப் பாளையக்கார வீட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். ஓலை அதை ஒரே வரியில் சொல்லியிருந்தது. அந்தத் தத்துப் பிள்ளையின் வழியில் வந்தவன்தான் இப்போதைய மாப்பிள்ளை. தத்துப் போனாலும் பிறந்த வீட்டு ரத்தம் ஏழு தலைமுறைக்கு விடாது என்பது அவர்கள் கணக்கு. ஏழுக்குள் இருந்தால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் ஆகாது. ஒரு பக்கம் ஏழுக்குள் வந்தாலும் ஆகாது.

எண்ணினேன். ஊருக்கு வந்தவர் தொடங்கிப் பெண்ணின் தாத்தா வரை காலமானவர்கள் நாலு பேர். ராஜா ஐந்து. பெண் ஆறு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து எழுதி வந்த பட்டியலை எண்ணினால் அவன் எட்டு. ஒரே மனிதரிடமிருந்து இறங்கி வந்த இரண்டு கிளையில் ஒன்று ஆறு, இன்னொன்று எட்டு. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளை சீக்கிரம் பிறக்கும், இன்னொரு வீட்டில் தாமதமாகப் பிறக்கும், இதில் என்ன அதிசயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ராஜாவிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன், அதைச் சபையில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

சபை கூடியது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலமானவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெற்றிலையை வீட்டுப் பெண் தட்டில் வைக்க வேண்டும். தாய் இல்லாததால் மகளே வைத்தாள். நாலு பெயர் வாசித்தேன், நாலு வெற்றிலை வைத்தாள். அதோடு காகிதத்தை மடித்துவிட்டு எழுந்திருந்தால் நல்ல மனிதனாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

"இதுல ஒரு சங்கதி இருக்கு" என்று ஆரம்பித்துத் தத்து விவரத்தைச் சொல்லி, விரல் விட்டு எண்ணியும் காட்டினேன்.

சபையில் யாரும் கத்தவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா காகிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பொ முறை இல்லன்னு ஆயிப்போச்சு" என்றார். ராஜா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான், கல்யாணம் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கோர்ட்டில் ஒரு நிலப் பத்திரத்துக்கு நகல் எடுத்தேன். நகலை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் பெரியவர் நடுவில் நிறுத்தினார்.

"ஏவே, ரெண்டு வரியக் காணுமே?"

மூலத்தில் ஒரு வரி 'மேற்படி ஊரில்' என்று தொடங்குகிறது. அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொரு வரியும் அப்படியே தொடங்குகிறது. முதல் 'மேற்படி'யை எழுதிவிட்டு நிமிர்ந்த என் கண், திரும்ப இறங்கும்போது இரண்டாவது 'மேற்படி'யில் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்த ஒரு கிணறும் ஒரு புளியமரமும் நகலில் இல்லை.

"கண்ணு தாவிருச்சு" என்றேன்.

"தாவும்வே. ஒரே வார்த்தை திருப்பித் திருப்பி வந்தா யாருக்கும் தாவும். அதுக்குத்தான் ஒத்துப் பாக்குதது."

 வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ராஜபாளையத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதிய நோட்டு. அதில் இரண்டு பெயரும் மாறி மாறி வந்திருந்தன. எண்ணினேன். ஆறு பேர் இருந்தார்கள். சுத்தப் பிரதியில் நாலு பேர்தான். ஒரு பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தவன், இரண்டு தலைமுறை தள்ளி இருந்த அதே பெயரில் போய் இறங்கியிருக்கிறேன். ஓர் அப்பனும் ஒரு மகனும் அங்கே விட்டுப்போயிருந்தார்கள். காலமானவர்கள் ஆறு, ராஜா ஏழு, பெண் எட்டு. மாப்பிள்ளையும் எட்டு. இரண்டு பக்கமும் ஏழைத் தாண்டிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இருந்ததில்லை.

 பெண் பாவம் பொல்லாதது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நியாயமாக ராஜாவிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் முதலில் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு ராஜாவிடம் போனால் வசவு குறையும் என்று ஒரு கோழைக் கணக்குப் போட்டேன். மலையடிவாரத்துக்கே நடந்தேன்.

பெரியப்பா களத்தில் இருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நோட்டை விரித்துக் காட்டி, தப்பு என்னுடையது, ஆறு பேர் இருக்கிறார்கள், முறை தாராளமாக இருக்கிறது என்றேன்.

அவர் நோட்டைத் தொடக்கூட இல்லை.

"ஓலையில எம்புட்டுப் பேரு இருந்தா என்ன பிள்ளைவாள்? தாம்பூலம் மாத்தின பொறவுதான் தென்காசிப் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. நெலம் நீச்சுன்னு நல்ல எடம். தாம்பூலம் மாத்திட்டோமே, எப்படி முறிக்கதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டு இருந்தோம். சாமியாப் பாத்து உங்க வாயில வந்து உக்காந்துச்சு."

"அப்பொ அந்தப் பொண்ணு?"

"அதுக்கென்ன கொறை? வேண்டாம்னா சொன்னோம்? முறை இல்லன்னுதான சொன்னோம். செத்த நேரம் இருங்க, மோர் குடிச்சிட்டுப் போவலாம்."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் கயிற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. மோர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே ஒரு பருத்தி வண்டியில் தொற்றிக்கொண்டு ராஜபாளையம் போனேன். ராஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எண்ணம். அவர் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இருந்தார். ஆள் அனுப்பிவிட்டு என்னை முற்றத்தில் உட்காரச் சொன்னாள் மகள். பஞ்சில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். நீங்க எண்ணுனது சரிதானா?"

நோட்டு என் மடியில் இருந்தது.

"ஏம்மா கேக்குதே?"

"அவியள ரெண்டு வருசமா தேரோட்டத்துல பாத்திருக்கேன். மனசுக்குப் புடிச்சிருந்துச்சு. இப்பொ அண்ணன் முறை, அண்ணன் முறைன்னு சொல்லிச் சொல்லி மனசத் திருப்பிக்கிட்டு வாரேன். பாதி திரும்பிருச்சு. ஊருலயும் யாரும் என்னியக் கொறை சொல்லல, முறை இல்லன்னுதான் சொல்லுதாக. எண்ணுனது தப்புன்னா சொல்லிருங்க. இல்லன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? முறை இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு நீ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மனசுக்குப் பிடித்தவன் தலை நிமிராமல் கயிறு திரித்ததையும் சொல்ல வேண்டும். ஊருக்கும் அது மறுநாளே தெரிந்துவிடும். என் தப்பு ஒன்றுதான் அவளுடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"சரிதாம்மா. நாலு பேருதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சைப் பொறுக்கினாள். ராஜா வந்து என்ன விசேஷம் என்று கேட்டபோது, இந்தப் பக்கமாக வந்தேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன் என்றேன். சபையில் அப்படிப் பேசிய பிறகும் அவர் எனக்குச் சாப்பாடு போட்டார். "கல்யாணம் முடிஞ்ச பொறவு தெரிஞ்சிருந்தா குடும்பமே நாசம் பிள்ளைவாள். நல்ல காரியம்தான் செஞ்சீக" என்றார்.  வீட்டுக்கு வந்து நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அடுத்த வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சத்திரப்பட்டிப் பக்கம், பருத்தி வியாபாரம், தங்கமான மனிதர் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். ஊர் வாய்க்கு மெல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முன்பு நின்றது முறை இல்லாமல் நின்றது, அவ்வளவுதான். வம்சாவளி வாசிக்க என்னையே கூப்பிட்டார் ராஜா. வரமாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

அதே சிவப்பு ஓரம் கட்டிய காகிதம். சபை நிறைந்திருந்தது. அவள் பட்டுச் சேலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தேன். முதல் பெயர், அடுத்த பெயர், மறுபடி முதல் பெயர், மறுபடி அடுத்த பெயர். எங்கும் நிறுத்தவில்லை. ஓர் அப்பனையும் மகனையும் அவர்கள் வீட்டுச் சபையிலேயே வைத்து இரண்டாம் முறையும் விட்டுவிட்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள். வெற்றிலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வரிசையாக வைத்திருந்தாள். ஆறு வெற்றிலை இருந்தது.

சாமி பெட்டியைத் திறந்து ஓலையை அவள் எப்போது எண்ணினாள் என்று எனக்குத் தெரியாது. முற்றத்தில் என்னிடம் கேட்டதற்கு முன்பா, பின்பா, அதுவும் தெரியாது.  சபையில் வேறு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"எடுத்துக்கோங்க பிள்ளைவாள், வாசிச்சவுகளுக்குத்தான அது" என்றார் ராஜா. ஆறு வெற்றிலையையும் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன்.