ஜன்னலுக்கு வெளியே முந்நூறு மணி நேரம்

மருந்தியல் டிப்ளமோ படித்தவர் பரீட்சை முடிந்தபின் ஐந்நூறு மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கடையிலோ பயிற்சி எடுக்க வேண்டும். அதில் இருநூற்றைம்பது மணி நேரமாவது மருத்துவர் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிந்திருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் அதற்குச் சான்று தர வேண்டும். விதி இவ்வளவுதான். எண்பதுகளில் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பேன். இப்போதும் ஒப்பிப்பேன், கேட்கத்தான் ஆளில்லை.

சான்று தரும் அந்த மருந்தாளுநர் நான். செம்பூரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தேன். மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே படித்து, தவறு செய்யாத பெண் என்று வீட்டிலும் ஆபீசிலும் பெயர் வாங்கியவள். பெயர் வாங்கியதை நானே நம்பிவிட்டேன் என்பதுதான் பின்னால் சிக்கலானது.

1985ஆம் வருஷம் மூன்று பேர் பயிற்சிக்கு வந்தார்கள். முலுண்டிலிருந்து ஒரு பையன், பாண்டுப்பிலிருந்து ஒரு பையன், தாராவியிலிருந்து ஒரு பெண். அவள் வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பைப் பட்டறை வைத்திருந்தவர். அவர்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்.

எங்கள் மருந்தகத்துக்கும் நோயாளிகளுக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர். அதில் இடுப்பு உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல், கம்பிக்குக் கீழே ஒரு தட்டு நுழையும் அளவுக்குத் திறப்பு. நோயாளி குனிந்து சீட்டை நீட்டுவார். உள்ளிருந்து ஒரு கை மாத்திரைப் பொட்டலத்தைத் தள்ளும். தண்ணி மருந்து என்றால் நோயாளியே வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுவர வேண்டும். அதில் ஊற்றி, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய காகிதத்தைப் பசை தடவி ஒட்டித் தருவோம். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீட்டா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்தும் தாராவியிலிருந்தும் வரும் தமிழர்கள். எந்த மொழி எழுத்தும் அவர்களுக்கு ஒன்றுதான்.

அதன் பலன்களை நான் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய், ஒரு பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை நியாயமாக மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டாள். ஒரு மில் தொழிலாளி, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போக முடியாதென்று மூன்று வேளை மாத்திரையையும் காலையிலேயே விழுங்கினார். விதிப்படி நாங்கள் மருந்து வழங்கிவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததற்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

அந்தப் பெண் வந்த ஐந்தாம் நாள், ஜன்னலில் ஒரு பெரியவர் நகராமல் நின்றார். பின்னால் வரிசை கத்தியது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"பெரியப்பா, இந்தா பாருங்க. வெள்ள மாத்திர காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மஞ்ச மாத்திர சோறு தின்ன பொறவு. நாலு நாள்ல தேவலன்னு நிறுத்திரப்படாது, கேட்டியளா?"

"நிறுத்துனா?"

"நிறுத்துனா திரும்ப இங்கதான் வரணும். இதே வரிசைல."

பெரியவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டாம் தாயி, முழுசா தின்னுருதேன்" என்று போய்விட்டார்.

எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. நல்ல நிர்வாகிகளுக்கு அப்படித்தான் உதிக்கும். "நீ வெளியிலயே நின்னுக்கோ. வரவா எல்லாரும் உன் ஊர் பாஷைதானே பேசறா. வரிசை சீக்கிரம் நகரும்" என்றேன். ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்தேன். பையன்கள் இருவரும் உள்ளே நின்று பொட்டலம் மடித்தார்கள். அவள் வெளியே உட்கார்ந்து, வாங்கினவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி விளக்கினாள். ஒரு வாரத்தில் ஜனங்கள் ஜன்னலை விட்டுவிட்டு அவளிடம் சீட்டை நீட்டத் தொடங்கினார்கள்.

"ஏட்டி கம்பவுண்டரு, ஒனக்கு இங்க சம்பளம் எம்புட்டு?" என்று ஒரு காய்கறிக்காரம்மா கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"சம்பளமா? நான்லா எக்கா பீஸ் கட்டிப் படிக்கேன்."

"அட கூறுகெட்டவளே!"

பயிற்சி டைரியில் சனிக்கிழமைதோறும் நான் எழுதிக் கையெழுத்திடுவேன். செய்த வேலை, செய்த இடம், மணி நேரம் என்று மூன்று பத்திகள். பையன்களுக்கு 'மருந்து வழங்குதல், மருந்தகம்' என்று எழுதினேன். அவளுக்கு 'மருந்து உட்கொள்ளும் முறையை நோயாளிகளுக்குச் சொல்லுதல், ஜன்னலுக்கு வெளியே' என்று எழுதினேன். அத்தனை துல்லியமாக எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வேறு ஆஸ்பத்திரிகளில் எல்லா வரியிலும் ஒரே சொல்லை எழுதி, கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டு ஒப்பேற்றுவதை நான் அறிவேன்.

மூன்று மாதம் கழிந்தது. பையன்களின் படிவம் கல்லூரியில் ஒரே நாளில் முத்திரை வாங்கியது. அவளுடையது திரும்பி வந்தது. மருந்து வழங்கியது நூற்று முப்பது மணி நேரம்தான், கிடங்கில் எழுபது, மீதி முந்நூறு மணி நேரம் 'ஜன்னலுக்கு வெளியே' என்றிருப்பதால் கணக்கில் சேராது என்று சிவப்பு மையில் குறிப்பு.

படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"ஐரோலில ஒரு கெமிக்கல் பேக்டரி டிஸ்பென்சரில எனக்கு வேல சொல்லிருக்காவ மேடம். கம்பெனி பஸ் செம்பூர் நாக்கா வழியாத்தான் போவும். பதிவுக்கு மனுப் போட்ட ரசீத மாசக் கடைசிக்குள்ள கொண்டாந்தா போதும்னுட்டாவ. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாவ."

கல்லூரி முத்திரை இல்லாமல் மனுப் போட முடியாது. மனுப் போடாமல் ரசீது கிடையாது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எனக்கு மனப்பாடம்.

எங்கள் தலைமைக் குமாஸ்தா மராட்டிக்காரர், நல்ல மனுஷன். "அரே மேடம், ஜானே தோ, விட்டுடுங்க" என்றார். "புது டைரி நான் தர்றேன். எல்லா வரியிலும் டிஸ்பென்சிங்னு எழுதி ஒரு கையெழுத்து. அரை மணி நேர வேலை. அந்தப் பையன்களுக்குப் போட்டீங்களே?"

"அவங்க உள்ளே நின்னாங்க."

"உள்ளே நின்னு என்ன செஞ்சாங்க?"

"அது விதியில் கேட்கப்படலை" என்றேன்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதான மேடம் வெளிய நிக்கச் சொன்னிய? ஒங்க நேர்மக்கி எஞ் சோலியக் காவு குடுக்கணுமாக்கும்?"

இருபது வயதுப் பெண் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கோபித்துக்கொள்ள வழியில்லை, வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

எழுதியதை மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் அத்துடன் விடவில்லை. அன்றே இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, விதியை வகுத்த மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: மருந்தைச் சாப்பிடும் முறையை நோயாளிக்கு விளக்குவது மருந்து வழங்குவதில் அடங்குமா, அடங்காதா, தெளிவுபடுத்துக. இரண்டு, குறைகிற நூற்றிருபது மணி நேரத்தை உள்ளேயே மறுபடி செய்ய உத்தரவு. நாளைக்கு எட்டு மணி நேரம், பதினைந்து வேலை நாள். சுதந்திர தினத்தைக் கழித்து எண்ணினால் ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை முடியும். கல்லூரிக்கு எங்கள் ஆபீஸ் தபால் கட்டு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போகும். அதைத் தவறவிட்டால் அடுத்தது முப்பதாம் தேதி, அதற்குமேல் ரசீது வாங்க நேரம் இருக்காது. பதினைந்து நாளில் ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது.

திங்கட்கிழமை அவள் உள்ளே வந்தாள். வெளியே கூச்சல் கிளம்பியது. "அந்தப் புள்ளய எங்க? உள்ள போட்டுப் பூட்டிட்டியளா?" என்று காய்கறிக்காரம்மா ஜன்னல் கம்பியைத் தட்டினாள். பயிற்சிப் பெண் ஸ்டூலை உள்ளே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் சரியாகத் திறப்புக்கு நேரே வந்தது. மருந்தை எடுத்தாள், கொடுத்தாள், கொடுத்த கையோடு விளக்கினாள். வரிசை முன்னைவிட வேகமாக நகர்ந்தது. ஸ்டூலை முதல் நாளே உள்ளே போட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. நிர்வாகத்தில் எனக்குப் பத்து வருஷ அனுபவம்.

பதினான்கு நாள் ஒழுங்காகப் போயிற்று. வியாழக்கிழமை மதியம் நல்ல மழை. கூட்டம் நெருக்கியடித்தது. இரண்டு மணிக்கு அவள் திடீரென்று எழுந்தாள். ஜன்னல் விளிம்பில் ஈரக் காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சொறிக்குத் தடவும் மருந்தின் காகிதம். மழை ஈரத்தில் பசை காயாமல் பாட்டிலிலிருந்து நழுவியிருக்கிறது. கைப்பிள்ளையோடு வந்த ஒரு பெண் ஒரே மாதிரி இரண்டு பழுப்பு பாட்டில்கள் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் பிள்ளைக்கு இருமல் மருந்து, இன்னொன்றில் தடவுகிற மருந்து. வயிற்றுக்குள் போனால் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம்.

"மேடம், அந்த அக்கா சீட்டா கேம்பு. நான் பாத்துருக்கேன்."

"இரு, வார்டு பாயை அனுப்பறேன்."

"அவனுக்கு ஆளத் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். குடைகூட எடுக்கவில்லை. நான் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தாள்.

"கரண்டில ஊத்திட்டு இருந்தாவ மேடம். ரெண்டு பாட்டிலயும் கொட்டிட்டுத்தான் வந்தேன். நாளைக்கி வந்து புதுசா வாங்கிக்கிடச் சொல்லிட்டேன்."

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. அழுதான். அவன் எப்பமும் அழுவான்."

துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே என் மேசையில் திறந்திருந்த டைரியைப் பார்த்தாள். ஆறு மணிக்குப் பயிற்சி நேரம் முடிகிறது. இரண்டிலிருந்து ஐந்துவரை மூன்று மணி நேரம் அவள் ஜன்னலுக்கு வெளியே மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்கே வெளியே இருந்திருக்கிறாள்.

"இதையும் நெசமா எழுதப் போறியளா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. எழுதிவிடுவேன் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பேனாவைத் திறந்தேன். என் கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அது வரும்வரை விதிக்குப் பொருள் சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை. ஜன்னலில் கை மாறிய அந்த மருந்து சீட்டா கேம்பில், கரண்டியைக் கவிழ்த்தபோதுதான் சரியாக வழங்கப்பட்டது. அதுவரை நடந்தது பாட்டில் நிரப்பும் வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றும் இல்லை.

செய்த வேலை: மருந்து வழங்குதல். மணி நேரம்: எட்டு. இடம் என்ற பத்தியில் 'சீட்டா கேம்ப் உட்பட' என்று எழுதினேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் எட்டிப் படித்தாள். "அதையும் எழுதணுமா மேடம்?" என்று தலையில் கை வைத்தாள்.

"கேட்டா பதில் சொல்ல நான் இருக்கேன். நீ போய்த் தலையைத் துவட்டு."

மறுநாள் கட்டோடு நானே கல்லூரிக்குப் போனேன், ஆபீஸ் பியூனுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு. அங்கிருந்த குமாஸ்தா கூட்டலைச் சரிபார்த்தார். இருநூற்றைம்பது வந்தது. இடம் என்ற பத்தியில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்கம் கேட்டால் சொல்வதற்கு நாலு பக்கம் தயாராக வைத்திருந்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். முத்திரையைக் குத்திவிட்டார்.

அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி அவள் ரசீதோடு ஐரோலிக்குப் போனாள். செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளம் வாங்கிய அன்று ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். "இங்க தெனமும் ஏழு ரிஜிஸ்டர் மேடம். எல்லாத்துலயும் நெசத்தத்தான் எழுதுதேன், பயப்படாதிய" என்றாள். அடுத்த வருஷம் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

மேலிடத்துக்கு நான் மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். காரியம் முடிந்துவிட்டதே என்று தலைமைக் குமாஸ்தா கேட்டார். கேள்வி முடியவில்லை என்றேன். கடைசியில் ஒற்றைத் தாளில், இரண்டு வரியில் பதில் வந்தது: மேற்படி பணி மருந்து வழங்குவதில் அடங்குமா என்பதைச் சான்று தரும் மருந்தாளுநரே முடிவு செய்துகொள்ளலாம். முதல் சனிக்கிழமையே நான் முடிவு செய்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பதினைந்து நாளும் அவள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றும்.

தாளின் மூலையில் வரவு முத்திரை வைத்து, கோப்பில் சேர்த்தேன். தேதி 1986 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை.