குழாய்ச் சாவி

செல்லையாண்ணே, நீ கண்மூடிய மூன்றாம் நாளும் அந்தச் சாவி என் இடுப்பிலேதான் இருந்தது.

ரயில் கூலிகள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு, ஒரே குழாய். விடியற்காலை வாளிச் சண்டையில் ஒருத்தியின் மண்டை உடைந்த பிறகு, எல்லாரும் கூடிக் குழாய்க்குப் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டார்கள். முறைப்படி திறந்துவிட அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அண்ணனுக்குத் தண்டவாள வேலை. ரயில் ஆபீஸில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர், சீமைப் புத்தகங்களில் படித்ததை அண்ணனிடம் சொல்வார். அதை அண்ணன் குழாயடியில் எங்களுக்குச் சொன்னார். "ராஜா இல்லேன்னா மனுஷன் ஒருத்தன ஒருத்தன் அடிச்சே சாவான், அதனால எல்லாருமா சேர்ந்து அதிகாரத்த ஒருத்தன்கிட்ட குடுத்தாங்க, குடுத்தா குடுத்ததுதான்னு ஒரு வெள்ளக்காரரு சொல்றாரு. இன்னொருத்தரு, உசிரும் உழைச்சதும் ராஜாவுக்கு முன்னாடியே நம்மளோடது, காப்பாத்தத்தான் குடுத்தோம், காப்பாத்தலேன்னா திருப்பி வாங்கிக்கலாங்கிறாரு."

பக்கத்து வீட்டு அஞ்சலைக்கா விடவில்லை. "அப்ப நீ எந்த ராஜா தம்பி? உந் தங்கச்சி வாளி மட்டும் தளும்புதே!"

அண்ணன் சிரித்தார். "நல்லா சந்தேகப்படுங்கக்கா. அதுதான் எனக்குப் பூட்டு."

நான் சிரிக்கவில்லை. இவர்கள் என்றைக்காவது சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் ஐந்தே நாளில் அண்ணனைக் கொண்டுபோனது. அவரிடமிருந்த சாவியை நான் என் இடுப்பில் முடிந்துகொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் என் முகத்தை விட்டு இடுப்பையே பார்ப்பதாகத் தோன்றியது. யார் அழுதாலும் சாவிக்குத்தான் அழுகிறார்கள் என்று பட்டது. எனக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மறுபடி பூட்டினேன். மற்ற வீட்டுக்காரர்கள் தண்ணீர் தேடி ஆற்றுக்கு நடந்தார்கள். அந்தப் பூட்டை உடைக்க ஒரு கல் போதும். துக்க வீடு என்று பொறுத்தார்கள். அதையும் நான் சூழ்ச்சி என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அஞ்சலைக்கா ஆற்றுத் தண்ணீரோடு வாசலில் நின்றார். "பாருடி, எப்படிக் கலங்கிக் கெடக்குன்னு. இத எப்படிப் பச்சப் புள்ளைக்குக் குடுக்கிறது?"

"இது எங்கண்ணனோடது" என்று சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன் உனக்குச் சொந்தந்தான்டி. சாவிதான் எங்களோடது."

இரண்டாவது வெள்ளைக்காரர் சொன்னதுதான் சரி என்று அன்று குழாயடியில் தலையாட்டியவள் நான். சாவி கைக்கு வந்ததும், முதலாமவர் சொன்ன ராஜாவாகவே ஆகிவிட்டேன்.

அவிழ்த்துக் கொடுத்தேன். அக்கா என்னை நம்பவில்லை. பெட்டியைத் திறந்து, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

என் அண்ணன் நல்ல கதி அடைய எல்லாரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். யார் வேண்டினாலும் அது அவருக்காகத்தான் என்று இப்போது நம்பப் பார்க்கிறேன்.