லால்பேட்டை அனஸ் போட்ட ஒரு வரி

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஆறு நாற்பது. போனில் பதினோரு மிஸ்டு கால்.

அனஸ் செத்துப்போய்விட்டான்.

முப்பத்தோரு வயது. ஹார்ட் அட்டாக். ஜும்மா தொழுகை முடிந்ததும் லால்பேட்டையில் அடக்கம் என்று அவன் அக்கா வீட்டுக்காரர் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுக் கடலூர் ரூமில் சட்டையைத் தேடிக்கொண்டு நின்றேன்... அது என் உடம்பில்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் இரண்டு பேரும் சிதம்பரத்தில் ஒரே ஆபீஸ். ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறோம். கடலூர், சிதம்பரம், லால்பேட்டை, மூன்று ஊரிலும் பிராஞ்ச், எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர். எனக்குச் சொந்த ஊர் கிள்ளை, அவனுக்கு லால்பேட்டை. நான் கோட் எழுதுகிறவன். அவன் டேட்டாபேஸ். தினமும் சண்டை.

எப்போதும் ஒரே சண்டைதான். சர்வர் தொங்கினால் நான் ரீஸ்டார்ட் போடப் போவேன். அவன் கையைத் தட்டிவிடுவான்.

"பிளான் பாத்தியா?"

"ஆளுங்க க்யூல நிக்கிறாங்கடா."

"நிக்கட்டும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாவாது மச்சான், வாய மூடிக்கும். அவ்ளோதான். கிள்ளைக்காரனுக்குப் பொறுமையே கெடையாது. போ, போய் டீ சொல்லு."

பிளான் என்றால் பெரிய மர்மம் இல்லை. ஒரு பேரைத் தேடச் சொன்னால் டேட்டாபேஸ் முதலில் ஒரு வழி போட்டுக்கொள்ளும். இன்டெக்ஸ் என்கிற பெயர் அட்டவணையைப் பிடித்துப் போவதா, டேபிளை முழுசாகப் படிப்பதா, எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு குத்துமதிப்பு. அனஸ் அந்தக் குத்துமதிப்பையும் உண்மையில் வந்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பான். இரண்டும் எங்கே ஒட்டவில்லையோ அங்கேதான் வியாதி என்பான்.

லால்பேட்டை பிராஞ்ச் திறந்த புதிதில் தினமும் தொங்கியது. நான் டெஸ்ட் செய்யும்போது மட்டும் ஜோராக ஓடியது. நான் அடித்தது என் பேர், என் தங்கச்சி பேர்...

அனஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க ஊர்ல வந்து முகமதுன்னு அடிச்சுப் பாருடா. தெருவே எந்திரிச்சு வரும்."

விஷயம் அதுதான். காலையில் முதலில் தேடிய பேருக்குப் போட்ட வழியையே பிடித்துக்கொண்டு அன்று முழுக்க எல்லாருக்கும் ஓட்டும். கடலூரில் முதல் ஆள் அபூர்வமான பேர்க்காரராக இருந்தால், நாலு பேர்தான் வருவார்கள் என்று ஒற்றையடிப் பாதை போடும். அதே பாதையில் லால்பேட்டை முகமதுகள் மொத்தமும் வந்தால் தொங்காமல் என்ன செய்யும்?

அனஸ் ஒரே ஒரு வரி சேர்த்தான். ஒவ்வொரு பேருக்கும் புதிதாகப் பிளான் போடு என்று. அன்றோடு நின்றது.

இந்த வாரம் நெஞ்சு எரிகிறது என்று மூன்று நாள் லீவில் இருந்தான். நேற்று சாயங்காலம்கூடப் பேசினேன்.

"டாக்டர்ட்ட போனியாடா?"

"வெறும் கேஸ்தான்டா. மாத்திர போட்டேன், கொறஞ்சிடுச்சு மச்சான்."

குறைஞ்சிடுச்சாம். சர்வர் வாயை மூடினால் விடாதவன், நெஞ்சு வாயை மூடியதும் விட்டுவிட்டான். முட்டாப் பய.

காலையில் பைக்கை எடுக்கும்போதே லால்பேட்டை கவுண்டரில் இருக்கும் பெண்ணிடமிருந்து போன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வருகிறவள். செய்தி இன்னும் காதில் விழவில்லை.

"சார், தொங்குது சார். அனஸ் சாருக்கு நாலு வாட்டி அடிச்சிட்டேன், எடுக்கவே மாட்றாரு. அவரு எடுத்தா ஒடனே சரியாயிடும்."

நான் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து ரீஸ்டார்ட் போட்டேன். ஓடியது. கிளம்பினேன்.

பு.முட்லூர் வரும்போது மறுபடியும் போன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் ரீஸ்டார்ட். சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் மூன்றாவது தடவை... இந்த முறை முதலாளியே போன் அடித்தார்.

"கார்த்தி, சுகர் பேஷண்டுலாம் வெறும் வயித்துல நிக்கிறாங்கபா. பாத்துட்டுப் போயேன். அனஸா இருந்தா அப்புடியே வுட்டுட்டுப் போவானா?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆபீசில் அவன் சீட்டில் உட்கார்ந்து பிளானைத் திறந்தேன். குத்துமதிப்பு நாலு. வந்தது ஆயிரக்கணக்கில். நேற்று ஏற்றிய புது வெர்ஷனில் அவன் போட்ட அந்த வரி விடுபட்டிருந்தது. அவன் லீவு, கேட்க ஆள் இல்லை. பழைய கோடிலிருந்து தேடி எடுத்துப் போட்டு, ஏற்றி முடிப்பதற்குள் பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க 'முகமது' என்று அடித்தாக வேண்டும். அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

முதல் பக்கத்திலேயே இருந்தான். முகமது அனஸ், லால்பேட்டை. டெஸ்ட் செய்வதற்காக அவனே தன்னைப் பேஷண்டாகப் பதிந்துகொண்டது. பரிசோதனை என்ற இடம் காலி. இத்தனை வருஷம் லேபோடு குடித்தனம் நடத்தியவன் ஒருநாளும் ஊசிக்குக் கையை நீட்டவில்லை.

லால்பேட்டைக்குள் போகும்போது தொப்பியோடு ஆட்கள் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

அவனைப் பெற்ற அத்தா வாசலில் நாற்காலியில் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் கார்த்தியா? இப்பதாம்பா அடக்கிட்டு வரோம். செத்த நேரம் பாத்தோம்... அதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

சர்வர் தொங்கிவிட்டது என்று அவரிடமா சொல்வது? முதல் போனிலேயே பிளான் பார்த்திருந்தால் எட்டு மணிக்கு முடிந்திருக்கும். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

லால்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கமென்டில் யாரும் ஆர்.ஐ.பி. போட வேண்டாம். எரிச்சலாக இருக்கிறது.

இனி செய்யப்போவது:

1. அந்த வரியை எவனும் விட்டுவிட முடியாதபடி மெயின் கோடில் ஏற்றுவேன்.

2. டெஸ்ட் பேஷண்டுகளை அழித்துவிடு என்பார்கள். அழிப்பேன். ஒருத்தனைத் தவிர.

3. கவுண்டர் பெண்ணிடம் இனி என் நம்பருக்கு அடிக்கச் சொல்வேன். அடிப்பாள். எடுப்பேன். நீ தூங்கு மச்சான்.