கோதுமை வாளியில் இருந்த இடாப்புகள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று கிரெய்கிபர்னில் எனக்கு ஆறு லொறிகள் ஓடுகின்றன. வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்குவது தொழில். படித்தவர்களின் வீடுகளை நிறைய ஏற்றியிருக்கிறேன். கட்டில் இரண்டு இருந்தால் கடதாசிப் பெட்டி இருபது இருக்கும். அதிலே ஒன்றைத் தூக்கச் சொன்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு கதிரை தேடுவார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு மோர்மன் தம்பதி இருந்தார்கள். தேத்தண்ணி, கோப்பி தொடாத வேதக்காரர்கள். அவர்களுடைய பதின்வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முன்னர், காலை ஆறு மணிக்கு, வேத வகுப்புக்குப் போகவேண்டும். அந்த மனிதர் முப்பது வருடமாகத் தன் வீட்டு ஹோலில் அந்த வகுப்பை நடத்தினார். சம்பளம் கிடையாது. நான் லொறியைக் கிளப்பும் நேரம் பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி வந்து இறங்குவார்கள். யார் வந்தது, யார் வராதது, எதைப் படித்தது எல்லாவற்றையும் அவர் இடாப்பில் எழுதுவார்.

அவர் போய்ச் சேர்ந்தார். கண்பார்வை மங்கிய மனைவி, மகளோடு இருக்க சிட்னிக்குப் புறப்பட்டார். வீட்டுச் சாமானை ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார். கணவர் படிப்பித்ததற்கு ஒரு சாட்சி எங்கேயாவது இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காக சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். ஊசி போடுகிற டொக்டர் இல்லை, கடதாசி டொக்டர். தமிழ்நாட்டுக்காரர். இப்படிப்பட்ட சமூகங்களின் கல்விப் பத்திரங்களைச் சேர்க்கிறவராம். கையுறை மாட்டிக்கொண்டு எட்டுப் பெட்டிகளைக் கிளறினார். எல்லாம் அச்சடித்த பாடப் புத்தகங்கள்.

"இதெல்லாம் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு ஐயா. அவர் கையால எழுதின ரெஜிஸ்டர் இருந்தா மட்டும்தான் எடுத்துக்க முடியும்."

இதை அந்த அம்மாவிடம் சொன்னதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீடு முழுக்கத் தடவித் தேடிவிட்டாராம், இடாப்பு ஒன்றும் அகப்படவில்லை. பின்னேரம் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டும். மிஞ்சுவதெல்லாம் குப்பைக்கு.

கராஜில் பதினான்கு வெள்ளை வாளிகள் இருந்தன. கெட்ட காலத்துக்கென்று ஒரு வருடச் சாப்பாட்டைச் சேர்த்துவைப்பது மோர்மன்களின் வழக்கம். போரில் பங்கருக்குள் பசி கிடந்த எனக்கு அது மட்டும் புத்தியான வழக்கமாகப் பட்டது. எல்லா வாளியிலும் 'கோதுமை' என்று ஆங்கிலத்தில் லேபிள். பழசு, எறிந்துவிடு என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மூன்றாவது வாளியைத் தூக்கியதும் எனக்குப் பிடிபட்டது. கோதுமை என்றால் சரசரவென்று சரியும். இது டொக்கென்று இடித்தது.

"டொக்டர், இஞ்ச வாங்கோ. இதுக்குள்ள கோதுமை இல்லை."

"லேபிள்ல கோதுமைன்னு தெளிவா போட்டிருக்கே ஐயா."

"வாசிக்கிற உங்களுக்குக் கோதுமை. தூக்கிற எனக்குக் கடதாசி."

"சீல் பண்ணினது. திறந்தா வீணாயிடும்."

"குப்பைக்குப் போறதில இனி என்னத்தை வீணாப் போறது?"

திருப்புளியால் மூடியை நெம்பினேன். உள்ளே இடாப்புகள், ஈரம் படாமல் புத்தம் புதிதாக. பழைய கோதுமையைச் சாப்பிட்டு முடித்த வாளிகளில் மனிதர் இடாப்புகளை அடுக்கியிருக்கிறார், லேபிளை உரிக்கவில்லை. குலுக்கிக் குலுக்கி ஐந்து வாளிகளைப் பிரித்தெடுத்தேன். ஒரு இடாப்பைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் கையில் வைத்தேன்.

டொக்டர் வாசிக்கக் கை நீட்டினார். அந்த அம்மா இடாப்பை என்னிடம் தந்தார். விரல் வைத்து, பெயர் பெயராக வாசித்தேன். ஒரு பெயரில் என்னை நிறுத்தி, "அவள் ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வருவாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பார்த்தால், அந்தப் பெயருக்கு நேரே வரிசையாகப் 'பிந்தி வந்தாள்' என்றே இருந்தது.

டொக்டர் படிவத்தை எடுத்தார். "கண்டெடுத்தவர் விவரம் போடணும் ஐயா. உங்க கல்வித் தகுதி?"

"அஞ்சாம் வகுப்பு. வடிவா, பெரிசா எழுதுங்கோ."

எழுதினார். ஐந்து வாளிகளையும் அவரையே காருக்குச் சுமக்கவிட்டேன். மூச்சு வாங்கியது அவருக்கு.

மிச்ச ஒன்பதையும் இன்னொரு தரம் குலுக்கிப் பார்த்த பிறகுதான் லொறியில் ஏற்றினேன். லேபிள் ஒன்றையும் வாசிக்கவில்லை.